எர்சிலியோ அல்மான்சாரின் உண்மையான வருமானம்

பாரியோ ஒப்ரெரோவில் ஏசி பழுதுபார்க்கும் எர்சிலியோ அல்மான்சார் வருடா வருடம் ஏப்ரல் மாதத்தில் அறுபது டாலர் கொடுத்து ஏழையாகிக்கொள்வார்.

அதைச் செய்துகொடுப்பவர் இராய்தா அம்மாள். விமான டிக்கெட்டும் பிறந்தநாள் பலூனும் ஒருசேர விற்கும் கடை ஒன்றின் பின்புறத்தில் மேசை போட்டு, அமெரிக்காவின் கீழுள்ள தீவு நகரமான சான் ஹுவானின் அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு வருமான வரிக் கணக்கு எழுதுகிறவர். கழுத்தில் கண்ணாடி, கையில் கால்குலேட்டர், தலைக்கு மேலே விற்காத பலூன்கள்.

"இந்த வருசம் எவ்வளவு சம்பாதிச்சே?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா."

"பெருசா ஒண்ணுமில்லைன்னு எழுத இதுல கட்டம் கிடையாதுப்பா. நம்பர் சொல்லு."

எர்சிலியோ பலூன்களைப் பார்த்துவிட்டு ஒரு நம்பர் சொல்வார். இராய்தா அதிலிருந்து வேனுக்குப் பெட்ரோல், ஏணி, கேஸ் சிலிண்டர், செல்போன், வேலைக்குப் போடும் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார். கழித்தபின் மிஞ்சுவது ஒன்பதாயிரமோ பத்தாயிரமோ. அப்புறம் "வீட்டுல எத்தனை பேரு?" என்பார். "நான் ஒருத்தன்தான்." படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் விழும். கடைசியில் தாள்களைத் தட்டிச் சேர்த்து, "போ ராசா, இந்த வருசமும் உன்னை நல்லபடியா ஏழையாக்கிட்டேன்" என்று நீட்டுவார். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வருவார். இந்தச் சடங்கில் இருவருக்குமே குற்ற உணர்வு எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் எல்லாரும் இப்படித்தான் ஏப்ரலைக் கடந்தார்கள்.

எர்சிலியோவுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி, உயரம், இடது முழங்காலில் வலி. பெயர் எழுதாத வெள்ளை வேன், அதன் மேல் ஓர் ஏணி. குடியிருப்பது சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில். ஊரையெல்லாம் குளிரவைக்கும் அவருடைய அறையில் மின்விசிறிதான் ஓடியது. ஏசி போட்டால் கரண்ட் பில் எகிறும் என்று வீட்டுக்காரி அனுமதிக்கவில்லை. பதின்மூன்று வருடமாகத் தனியாகவே தொழில். சான் ஹுவானில் நூற்றைம்பது குடும்பங்களுடைய படுக்கையறை வரைக்கும் போய் வந்திருக்கிறார். எந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும். அவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது ஏசிக்காரர், டொமினிக்கன், சொன்ன நேரத்துக்கு வருவார் என்பதுதான். செல்போன்களில் அவர் 'ஏசி' என்ற பெயரில் இருந்தார். சிலவற்றில் 'ஏசி பழையவர்'.

அவருடைய மனைவி நூரிஸ் கடலுக்கு அந்தப் பக்கம், டொமினிக்கன் நாட்டின் நாகுவாவில். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. விசாவில் பார்த்தால் தூரம்.

அந்தக் கதையைச் சட்டத்தின் பக்கமிருந்து சொன்னால் இப்படி இருக்கும். எர்சிலியோவின் தாய் முதலில் சான் ஹுவானுக்கு வந்து, மகனுக்காக மனுப் போட்டார். மகன் கல்யாணமாகாதவனாக இருந்தால்தான் அந்த மனு செல்லும். அவரும் நூரிஸும் அப்போதே ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எட்டு வருடம் இருவரும் அரசாங்கத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்ளாமல் பொறுத்திருந்தார்கள். விசா வந்தது, அவர் மட்டும் வந்தார். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய், மாதா கோயிலில் இரவல் வாங்கிய நாற்காலிகளைப் போட்டு முறைப்படி கட்டிக்கொண்டார். உடனே அழைத்து வந்திருக்கலாம். ஆனால் அந்த மாதமே நூரிஸின் அப்பாவுக்குப் பக்கவாதம். "இவரை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்றாள் நூரிஸ். யாரும் இல்லை. கிழவர் ஒன்பது வருடம் கிடந்தார். அதற்குள் எர்சிலியோவின் தாய் போய்ச் சேர்ந்தார். எர்சிலியோ அமெரிக்கக் குடிமகனும் ஆனார். ஆக, முதலில் மணமாகாதவர் என்று காட்ட எட்டு வருடம், பிறகு மணமானவர் என்று காட்ட இன்னும் பல வருடம்.

வருடத்துக்கு ஒருமுறை, ஏசிக்கு வேலை குறைவான ஜனவரியில், பத்து நாள் ஊருக்குப் போவார். மற்ற நாட்களில் வாரத்துக்கு மூன்று முறை போன். நூரிஸ் சந்தையில் தேங்காய் எண்ணெய் விற்கிறவள், வாய் அதிகம்.

"அங்க உனக்கு ஒருத்தி இருக்கா, இல்லேன்னா நீ செத்துப் போயிட்டே. ரெண்டுல ஒண்ணு. எது?"

"பேசிட்டுத்தானே இருக்கேன்."

"அப்போ ஒருத்தி இருக்கா."

விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு. வருடங்கள் போகப் போக அதில் விளையாட்டு குறைந்து வந்ததை இருவருமே கவனித்தார்கள். சொல்லிக்கொள்ளவில்லை.

கிழவர் இறந்தபின் எர்சிலியோ மனுப் போட்டார். ஒன்றரை வருடத்தில் பதில் வந்தது. மனு ஏற்கப்பட்டது, வருகிறவரைக் காப்பாற்றும் வசதி தனக்கு உண்டு என்று அழைக்கிறவர் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, வருமான வரிக் கணக்கை இணைக்க வேண்டும். எர்சிலியோ தாளை எடுத்துக்கொண்டு பலூன் கடைக்குப் போனார். ஏப்ரல் அல்லாத மாதத்தில் அவரைப் பார்த்ததும் இராய்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படித்தார். திரும்பவும் படித்தார்.

"ரெண்டு பேருக்கு வறுமைக்கோட்டை விடக் கால் பங்கு மேல இருக்கணுமாம். இருபத்தஞ்சாயிரத்துக்குக் கொஞ்சம் நஞ்சம் கூட."

"அதுக்கென்னம்மா, அதுக்கு மேலயே வருதே."

"உனக்கு வருது. தாள்ல வரலையே." இராய்தா அலமாரியிலிருந்து பழைய நகலை எடுத்துப் பிரித்தார். "ஒம்பதாயிரத்து அறுநூறு. நீ உன் பொண்டாட்டிக்குச் சோறு போட வக்கில்லாதவன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். மூணு வருசமும். நல்ல கையெழுத்துல."

முன்பக்கத்தில் யாரோ 'பதினைந்து' என்ற எண் வடிவில் பலூன் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேற யாராவது உனக்காகக் கையெழுத்துப் போடலாம்" என்றார் இராய்தா. "வருமானம் உள்ளவங்க யாராவது. நண்பர், சொந்தம்."

அன்று மாலை எர்சிலியோ தன் அறையில் உட்கார்ந்து யோசித்தார். தன் மனைவிக்குப் பல வருடங்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடச் சொல்லி யாரைக் கேட்பது? முகங்கள் நிறைய வந்தன. எல்லாம் வாடிக்கையாளர்களுடைய முகங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷினும் நினைவுக்கு வந்தது. மெஷின் இல்லாத முகம் என்று பார்த்தால் வில்கின் ஒருவன்தான், எதிர்த்த வரிசையில் சலூன் வைத்திருப்பவன். எப்போதும் நான்கு நாற்காலியும் நிறைந்த சலூன். மறுநாள் முடிவெட்டிக்கொள்ளப் போனார். போன வாரம்தான் வெட்டியிருந்தார்.

"அண்ணே, உனக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்" என்றான் வில்கின். "ஆனா என் கணக்கைப் பார்த்தா சிரிப்பே. இராய்தாம்மா எழுதினதுதான். அதுப்படி போன வருசம் நான் பட்டினி கிடந்திருக்கேன்."

"உனக்குமா?"

"எல்லாருக்கும்தான். இந்தத் தெருவுல தாள்ல பணக்காரன் எவனும் கிடையாதுண்ணே. ரொட்டிக் கடைக்காரன் தங்கப் பல்லு கட்டியிருக்கான், அவன் அரசாங்க உணவு அட்டைக்கு மனுப் போடலாம், அவ்வளவு ஏழை." பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நுரைக்குள்ளிருந்து சிரித்தார். அவரும் இராய்தாவின் வாடிக்கையாளர்தான்.

ஒரே வழிதான் மிஞ்சியது. பழைய மூன்று வருடக் கணக்கையும் திருத்தி, உண்மையான வருமானத்தைக் காட்டி, விட்டுப்போன வரியை வட்டியோடு கட்டுவது.

"பின்னோக்கிப் பணக்காரனாகணும்" என்றார் இராய்தா. "ஆனா ஒண்ணு. பொண்டாட்டியைக் கூப்பிடற நேரத்துல வருமானம் நாலு மடங்கு ஏறினா எவன் நம்புவான்? ஆதாரம் வேணும். உன் கணக்கு நோட்டு எங்கே?"

"நோட்டு இல்லம்மா."

"ரசீது?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"போன்ல பணம் அனுப்பினது கொஞ்சம் இருக்கும். மீதியெல்லாம் கைக்காசு. யார்கிட்ட எப்போ எவ்வளவு வாங்கினேன்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்கியா, இல்லையா?"

எர்சிலியோ தயங்கினார். "எழுதி வச்சிருக்கேன். மெஷினுக்குள்ள."

ஏசிக்காரர்களுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால், அதன் உள்பக்கத்தில் அழியாத மார்க்கரால் தேதி, செய்த வேலை, நிரப்பிய கேஸ், வாங்கிய கூலி எல்லாம் எழுதி மூடிவிடுவார்கள். அடுத்த முறை திறக்கும்போது பார்த்துக்கொள்ள. வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் தகட்டைக் கழற்றுவதில்லை. எர்சிலியோவின் கணக்குப் புத்தகம் நூற்றைம்பது பக்கங்களாகப் பிரிந்து, சான் ஹுவானின் மொட்டை மாடிகளில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"போய் எல்லாத்தையும் போட்டோ எடு" என்றார் இராய்தா. "கூடவே ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு கடிதம். உன் பேரு, தேதி, கையெழுத்து."

இராய்தாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எர்சிலியோ அதை அப்போது சொல்லவில்லை.

அந்த ஜூனிலும் ஜூலையிலும் அவர் வீடு வீடாகப் போனார். பழுது இல்லாத வீட்டுக்கு ஏசிக்காரர் வந்து நிற்பது மக்களுக்குக் குழப்பமாக இருந்தது. சிலர் விற்பதற்கு ஏதோ கொண்டு வந்திருக்கிறார் என்று கதவைப் பாதிதான் திறந்தார்கள். காந்தாதோ பகுதியில் ஒரு வக்கீல், சட்டப்படி தான் எதிலும் கையெழுத்திடுவதில்லை என்றார். ஒரு பல் மருத்துவர் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்; கைக்காசாகக் கொடுத்தேன் என்று எழுத மாட்டேன் என்றார். அவருக்கும் ஓர் ஏப்ரல் இருந்தது. நான்கு வீடுகளில் மெஷினையே மாற்றிவிட்டிருந்தார்கள். பழைய இரும்போடு எர்சிலியோவின் முந்நூறு டாலர் வருமானமும் போயிருந்தது.

மிக்தாலியா அம்மாள் வீட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக இருப்பவர். ஒன்பது வருட வாடிக்கை. எழுபத்திரண்டு வயதில் படியேறி மொட்டை மாடிக்கே வந்துவிட்டார். எர்சிலியோ தகட்டைக் கழற்றிப் போட்டோ எடுப்பதற்குள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார். முப்பது வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய கண்.

"பதினாலு நவம்பர், ரெண்டாயிரத்து இருபது. கிளீனிங். அறுபது. இது என்னப்பா கீழே? 'கனேலா செத்துப் போச்சு. அம்மா அழுதுட்டு இருந்தாங்க. காசு வாங்கவே சங்கடமா இருந்துச்சு.'"

எர்சிலியோ ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார்.

"என் நாயோட பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கூப்பிடுவீங்களேம்மா."

அவர் இன்னும் கீழே படித்தார். "'ஆகஸ்ட் மூணு. நூரிஸோட அப்பா காலமாயிட்டாரு. இன்னிக்குக் காலையிலதான் சொன்னா. போக முடியல. கெபாசிட்டர் மாத்தினது. எண்பத்தஞ்சு.'" நிமிர்ந்தார். "நூரிஸ் யாரு?"

"என் சம்சாரம்."

"உனக்குக் கல்யாணமாயிடுச்சா?"

"பதினோரு வருசமாச்சும்மா."

மிக்தாலியா அம்மாள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெயில் சுட்டது. பிறகு, "கீழே வா, கடிதம் எழுதணும்" என்றார். சாப்பாட்டு மேசையில் நல்ல தாளாக எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"உன் பேரென்னப்பா?"

கூலிக்குக் கீழே இப்படி எழுதுவது கொரோனா ஊரடங்கில் தொடங்கிய வழக்கம். அந்த வருடம் மக்கள் நாள் முழுக்க வீட்டிலேயே கிடந்ததால் ஏசிகள் ஓய்வில்லாமல் ஓடிக் கெட்டன. எர்சிலியோவுக்கு வாழ்நாளில் காணாத வேலை. ஆனால் கதவைத் திறப்பவர்கள் மாடியைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். காபி இல்லை, பேச்சு இல்லை. பணம் கதவருகே உறையில் இருக்கும். காலையிலிருந்து மாலை வரை ஒரு வார்த்தை பேசாமல் ஏழு வீட்டு வேலையை முடித்த நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாளில், கூலியை எழுதிய கையோடு கீழே ஒரு வரி எழுதினார். 'இன்னிக்கு யார்கிட்டயும் பேசல.' எழுதி, தகட்டை மூடி, ஆறு ஸ்க்ரூவையும் முடுக்கினார். அது சௌகரியமாக இருந்தது. அப்புறம் வழக்கமாகிவிட்டது. ஒரு வீட்டில் முழங்கால் வலி, ஒரு வீட்டில் நூரிஸின் பிறந்தநாள், இன்னொன்றில் 'அவ இன்னிக்கு மூணு தடவ கட் பண்ணிட்டா'. எல்லாமே வீட்டுக்காரர்களின் தலைக்கு மேலே, அவர்களுடைய சொந்த மாடியில்.

நூற்றுப் பன்னிரண்டு போட்டோக்களும் எழுபத்தொரு கடிதங்களும் சேர்ந்தன. இராய்தா மூன்று நாள் கூட்டினார். முப்பத்தெட்டாயிரம், நாற்பத்தோராயிரம், மறுபடி நாற்பதாயிரம். செலவைக் கழித்தாலும் கோட்டுக்கு மேலேயே நின்றது.

"நீ பணக்காரன்டா" என்றார் இராய்தா.

எர்சிலியோ அவமானப்பட்டவர்போல் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு வந்ததா? எங்கே போயிற்று? நாகுவாவுக்கு மாதம் முந்நூறு, மாமனாருக்கு மருந்து, அம்மாவின் அடக்கம், வேனுக்கு இரண்டு முறை எஞ்சின். மீதி வங்கியில் பதினோராயிரம், நூரிஸ் வந்ததும் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்ப்பதற்கு. கட்ட வேண்டிய வரியும் வட்டியும் அதைவிட அதிகமாக இருந்தது. பதினோராயிரத்தையும் கட்டி, மீதிக்குத் தவணை எழுதினார்கள். மனைவியைக் காப்பாற்ற வசதி உண்டு என்று நிரூபிப்பதற்காக, அவளைக் காப்பாற்ற வைத்திருந்ததைக் கொடுத்தாகிவிட்டது. இராய்தா அறுபது டாலர் வாங்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருத்திய படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்த இராய்தா ஓர் இடத்தில் நின்றார்.

"கல்யாணம் எந்த வருசம் சொன்னே?"

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டு."

"பழைய கணக்குல மணமாகாதவர்னு டிக் போட்டிருக்கேன்."

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டேன். ஒருத்தன்னே."

"ஒருத்தன்தானே இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்ல வழியில்லை. "திருத்திடலாம்" என்றார் இராய்தா. "ஆனா பழசும் கூடவே போகும். எதைத் திருத்தினோம்னு காட்டணும். தூதரக நேர்காணலுக்கு உன் பொண்டாட்டிதான் எடுத்துட்டுப் போகணும்."

எர்சிலியோ எழுந்து நின்றார். "அந்த போட்டோவுல, நான் எழுதின மத்த விஷயங்கள் இருக்கிறதை எடுத்துடுங்க. கூலி மட்டும் தெரியற மாதிரி வெட்டி."

"வெட்ட மாட்டேன்."

"அம்மா, அது எனக்கு மட்டும்."

"அதுதாண்டா ஆதாரமே." இராய்தாவின் குரல் அன்று தாழ்ந்திருந்தது. "தேதியும் கூலியும் எவன் வேணா நேத்து ராத்திரி உக்காந்து எழுதலாம். திருட்டுக் கணக்கு எழுதறவன் நாய் செத்ததை எழுத மாட்டான். நானே முப்பது வருசமா எழுதறேன், எனக்குத் தெரியாதா?"

கனத்த உறை நாகுவாவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே போன் வந்தது.

"இதுல மணமாகாதவர்னு போட்டிருக்கு."

"நூரி, அது வந்து—"

"மூணு வருசம். மூணு தாள். என் அப்பனுக்கு மலம் அள்ளிட்டு நான் இங்க கல்யாணமானவளா உக்காந்திருந்தேன். நீ அங்க மணமாகாதவனா இருந்திருக்கே."

"வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டாங்க—"

போன் வைக்கப்பட்டது. அதன்பின் அவள் எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளுக்கு நீல டிக் இரண்டும் வந்தன, பதில் வரவில்லை. ஆக, படிக்கிறாள். அதைத் தவிர எதையும் சொல்ல முடியவில்லை. தலைநகர் சான்டோ டொமிங்கோவில் அமெரிக்கத் தூதரக நேர்காணல் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. அதற்கு முந்தின இரவே அவள் நாகுவாவில் பஸ் ஏற வேண்டும். ஏறினாளா என்று கேட்க அவருக்கு ஊரில் ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் அவள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு லொய்ஸா தெருவில் வேலை. புதிதாகக் குடிவந்த அமெரிக்கன் ஒருவன். இந்தத் தீவுக்கு வந்தால் வரி குறையும் என்று நியூயார்க்கிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்திருந்தான். தாளில் ஏழையாவதற்குக் கடல் கடந்து வந்த முதல் ஆளை எர்சிலியோ அன்றுதான் நேரில் பார்த்தார். ஸ்பானிஷில் வணக்கம், நன்றி, குளிர் என்று மூன்று வார்த்தை அவனுக்குத் தெரியும். மூன்றையும் ஒன்றாகச் சொல்லி மாடியைக் கைகாட்டிவிட்டு லேப்டாப்புக்குத் திரும்பினான்.

ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. எர்சிலியோ கண்டன்சரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது.

"மனுசா, எங்க இருக்கே?"

"மாடியில."

"ஓரத்துலயா?"

"இல்ல."

"சரி, உக்காரு."

உட்கார்ந்தார். கான்கிரீட் கொதித்தது.

"போனியா?"

"போகாம எங்கேயிருந்து பேசறேன்? தூதரக வாசல்ல நிக்கறேன். சுத்தி அத்தனை பேரும் அழறாங்க, கிடைச்சவனும் அழறான், கிடைக்காதவனும் அழறான்." அவள் மூச்சு வாங்கினாள். "அந்த ஆபீசர் முதல்ல அதைத்தான் கேட்டான். உன் புருசன் ஏன் மணமாகாதவர்னு போட்டான்னு."

எர்சிலியோ போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் சொன்னேன், ஐயா, அதைப் பார்த்துட்டு நானே பேச்சை நிறுத்திட்டேன். ஒன்பது நாள். அப்புறம் அந்த மெஷின் போட்டோ அத்தனையும் உக்காந்து படிச்சேன். எழுத்துப் பொடிசா இருந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரியோட கண்ணாடியை வாங்கிப் போட்டுப் படிச்சேன். வேற ஒருத்தியை வச்சிருக்கிற ஆம்பளை இதையெல்லாம் அவகிட்ட சொல்லியிருப்பான்யா. தகரத்துல எழுதி மூடியிருக்க மாட்டான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. நாலஞ்சைப் புரட்டிப் படிச்சான். இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினான், அவளும் படிச்சா. எனக்குக் கோவம் வந்துச்சு. என் புருசன் எனக்கே சொல்லாததை ஊரே நின்னு படிக்குது." ஒரு கணம் நின்றாள். "அப்புறம் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டான். விசா குடுத்துட்டாங்க, மனுசா."

தெருவில் ஐஸ் விற்பவனின் மணிச்சத்தம் கேட்டது. எர்சிலியோ பேச வாயைத் திறந்தார். முதலில் வந்தது பணத்தைப் பற்றித்தான். "நூரி, வங்கியில இருந்ததெல்லாம் வரிக்குப் போயிடுச்சு. தாள்ல நாப்பதாயிரம். கையில இருநூறு."

"தெரியும். அதுக்கும் ரசீது வச்சிருந்தியே, படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன்." அவள் குரல் இறங்கியது. "ஒண்ணு மட்டும் சொல்லு. வாரத்துக்கு மூணு தடவ போன் பண்ணே. எல்லாம் நல்லாருக்கு, வெயில் ஜாஸ்தின்னு வச்சிருவே. அந்த முழங்காலு, யார்கிட்டயும் பேசலங்கிறது, அதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கவலைப்படுவேன்னு."

"இத்தனை வருசமும் நான் கவலைப்படாம இருந்தேன்னு நினைச்சியா?"

எர்சிலியோ முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"வந்தா பேசுவியா?" என்றாள். "இல்ல, பக்கத்துல படுத்துக்கிட்டும் வெயில் ஜாஸ்தின்னுதான் சொல்லுவியா? இப்பவே சொல்லிடு. நான் வீட்டுல கட்டியிருக்கிற மாட்டை வித்துட்டுக் கிளம்பணும்."

"பேசுவேன்" என்றார் எர்சிலியோ. தன்னால் முடியுமா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இருந்தாலும் சொன்னார்.

"பதினேழாம் தேதி வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல விடைபெறாமல் வைத்துவிட்டாள்.

வேலை முடிந்திருந்தது. எர்சிலியோ கீழே இறங்கி வந்து ரிமோட்டை எடுத்து அமுக்கினார். குளிர் வருகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் அறையில் நிற்பது ஏசிக்காரர்களின் முறை. நின்றார். அமெரிக்கன் லேப்டாப்பில் யாருடனோ பேசி முடித்துவிட்டு, இன்னும் போகாமல் நிற்கிறாரே என்று நிமிர்ந்து பார்த்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

"என் சம்சாரம் வர்றா" என்றார் எர்சிலியோ. "பதினேழாம் தேதி. கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழிச்சு."

அமெரிக்கன் மேலே மெஷினைப் பார்த்தான். அதிலிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. முகம் மலர்ந்து, தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் பொருத்தமான இரண்டைத் தேர்ந்தெடுத்தான்.

"குளிர்" என்றான். "நன்றி."

"ஆமா" என்றார் எர்சிலியோ. ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டார்.